பை ஜீரோவில் ஈமேக்ஸ் 30.1 கம்பைல்: இரண்டு ராத்திரி ஆகியும் முடியவில்லை, எங்கே தப்பு?

நொய்யல்கரை · வெள்ளி, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற குட்டிக் கணினி ஒன்றை எழுதுவதற்கு மட்டுமான கருவியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். சின்னத் திரை, ஒரு கீபோர்டு, ஒரு பவர்பேங்க், அவ்வளவுதான். பிரவுசர் கிடையாது, வைஃபையும் அணைத்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து தமிழில் எழுத வேண்டும் என்பது பல வருட ஆசை.

அதில் இருக்கும் புக்வோர்ம் ஓஎஸ் கொடுப்பது ஈமேக்ஸ் எடிட்டரின் 28.2 பதிப்பு. எனக்கு 30 வேண்டும். நீளப் பத்திகளை மடக்கும்போது உள்தள்ளலையும் காப்பாற்றித் தரும் விஷுவல் ராப் ப்ரிஃபிக்ஸ் மோட் 30-ல்தான் கூடவே வருகிறது. அதனால் சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, கம்பைல் பண்ணலாம் என்று இறங்கினேன்.

இதுவரை நடந்தது:

லேப்டாப்பில் டெபியன் லினக்ஸின் ஏஆர்எம்-எச்எஃப் (32 பிட் ஏஆர்எம் சிப்புக்கான) கன்டெய்னர் ஒன்று வைத்து அதில் கம்பைல் பண்ணிக் கொண்டுவந்தேன். பை ஜீரோவில் ஓட்டியதும் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று ஒரே வரியில் செத்துவிட்டது.

சரி, பையிலேயே பண்ணுவோம் என்று கம்பைலை நடத்தும் மேக் கட்டளைக்கு வழக்கம்போல ஜே4 (ஒரே நேரத்தில் நாலு வேலை) கொடுத்தேன். எக்ஸ்டிஸ்ப்.சி வந்த இடத்தில் சிசி1 என்ற சி கம்பைலரைக் கர்னல் கொன்றுவிட்டது.

ஜே1-க்கு இறங்கி வந்தேன். சி பாகம் மாலைக்குள் முடிந்தது. அதற்குப் பிறகு திரையில் "ஈஎல்சி+ஈஎல்என்" என்று வரி வரியாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இது இரண்டாவது ராத்திரி. ரிலீஸ் டார்பாலில் (சோர்ஸ் மூட்டையில்) ஈமேக்ஸின் லிஸ்ப் மொழிக் கோப்புகள் முன்னமே .ஈஎல்சியாகக் கம்பைல் ஆகி வரும் என்று படித்திருக்கிறேனே, அப்படியானால் இது என்ன வேலை?

---

மேக்ஃபைல் · வெள்ளி, இரவு 10:25

மூன்றும் மூன்று வேறு விஷயம். தனித்தனியாகவே பார்ப்போம்.

இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்: பை ஜீரோவில் இருப்பது ஏஆர்எம்1176, அதாவது ஏஆர்எம் 6-ஆம் தலைமுறை. டெபியனின் ஏஆர்எம்-எச்எஃப் 7-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸும் தன் 32 பிட் பதிப்பை அதே பெயரில்தான் கூப்பிடுகிறது, ஆனால் அது 6-ஆம் தலைமுறைக்காகத் தனியாகக் கம்பைல் ஆனது. பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் கட்டளைகள் வேறு. இதில் ஏமாறாதவர் குறைவு.

சிசி1 செத்தது: 512 எம்பி ராம், ஒரே ஒரு கோர். ஜே4 கொடுத்து அங்கே லாபமே இல்லை. நாலு கம்பைலர் ஒரே ராமுக்கு அடித்துக்கொள்ளும். எக்ஸ்டிஸ்ப்.சி 35,000 வரிக்கு மேல் இருக்கும் ஒற்றைக் கோப்பு, ஈமேக்ஸில் திரையில் தெரிவது எல்லாம் அதன் கைவண்ணம். போதாததற்கு ஈமேக்ஸ் இயல்பாகவே ஜி3 கொடியோடு கம்பைல் ஆகும். பிழைதேடும் தகவல் முழுவதும், மேக்ரோக்கள் உட்பட, உள்ளே வந்து குவியும். சிஃப்ளாக்ஸில் (கம்பைலர் கொடிகளில்) ஓ2 மட்டும் போடுங்கள், லிங்க் ஆகும்போது மெமரி மூச்சுவிடும்.

மூன்றாவது, அந்த "ஈஎல்என்". நேட்டிவ் கம்பைலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. லிப்ஜிசிசிஜிட் டெவ் பேக்கேஜைப் போட்டீர்களா? 30-லிருந்து அந்த நூலகம் கண்ணில் பட்டாலே, கம்பைலுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நேட்டிவ் கம்பைலேஷனை இயக்கிவிடும், கேட்காது. லிஸ்பை ஜிசிசி வழியாக இயந்திர மொழியாக மாற்றும் வேலை அது. உங்கள் பையில் ஒரு பெரிய கோப்புக்கே மணிக்கணக்கில் இழுக்கும். கான்ஃபிகரில் நேட்டிவ் கம்பைலேஷனுக்கு "நோ" கொடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

---

நொய்யல்கரை · வெள்ளி, இரவு 10:40

ஆமாம், "வேகமாக இருக்கும்" என்று ஒரு குறிப்பில் படித்து நானே தேடிப் போட்டேன். நிறுத்திவிட்டேன். காலையில் புதிதாகத் தொடங்குகிறேன். மிக்க நன்றி.

---

தட்டச்சன் · வெள்ளி, இரவு 11:05

ஒரு சந்தேகம் கேட்கலாமா? விம் எடிட்டர் என்றால் இதே பையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் (வேறு சிப்புக்காகக் கம்பைல்) பண்ணினால் இன்னும் சுலபம். ஈமேக்ஸ் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

கந்தர்மடம் · சனி, காலை 6:15

நல்ல கேள்வி. இது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

விம் முழுக்கச் சி. கம்பைலர் வேலையை முடித்தால் விம் கையில். ஈமேக்ஸில் சி என்பது அத்திவாரம் மட்டும்தான். கம்பைலர் முடிக்கும்போது கிடைப்பது "டீமேக்ஸ்" என்ற ஒரு வெறும் லிஸ்ப் இயந்திரம். அதுக்கு ஒரு கோப்பைத் திறந்து திருத்துவதற்குரிய கட்டளைகளில் பாதிகூடத் தெரியாது. பிறகு அந்த டீமேக்ஸ் ஓடி, லோட்அப் என்ற கோப்பின் சொல்படி நூற்றுக்கு மேற்பட்ட லிஸ்ப் கோப்புகளை ஒவ்வொன்றாக வாசித்து, கடைசியில் தன் மெமரியில் இருக்கும் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதிவைக்கும். அதுதான் .பிடிஎம்பி கோப்பு. நாங்கள் ஈமேக்ஸைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பு மெமரிக்குத் திரும்பி வருகிறது, அதனால்தான் உடனே திறக்கிறது.

இப்ப பாருங்கோ, அந்த நடு வேலையை ஆர் செய்கிறது? கம்பைலர் இல்லை. எந்த இயந்திரத்துக்காகக் கம்பைல் செய்கிறோமோ அந்த இயந்திரத்தின் கட்டளைகளை ஓட்டக்கூடிய ஒன்றுதான் செய்ய வேணும். லேப்டாப்பின் இன்டெல் சிப்புக்கு ஏஆர்எம் டீமேக்ஸை ஓட்டத் தெரியாது. அதால்தான் கிராஸ் கம்பைல் இங்கே பாதியில் நிற்கும். ஈமேக்ஸ் 30-இல் வந்த ஆண்ட்ராய்டு பதிப்பிலும் இதே கதைதான்: கணினியில் கம்பைல் செய்தாலும், அந்த .பிடிஎம்பி கோப்பு கைபேசியில் முதல் முறை திறக்கும்போதுதான் உருவாகிறது.

லேப்டாப்பில்தான் செய்ய வேணும் என்றால் ஒரு வழி இருக்கு. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் கோப்பு முறைமையை ஒரு அடைவில் விரித்து, ஏஆர்எம் கட்டளைகளை இன்டெல்லில் ஓட்டிக்காட்டும் கெமு யூசர் மோடோடு அதற்குள் சிரூட் செய்து (அந்த அடைவையே ரூட்டாக்கி), முழுக் கம்பைலையும் அங்கேயே நடத்தலாம். நான் அப்படித்தான் செய்தனான். ஒன்றை மறக்க வேண்டாம்: ஈமேக்ஸ் பைனரியும் .பிடிஎம்பியும் ஒரே கம்பைலில் பிறந்த சோடியாக இருக்க வேணும். இரண்டுக்குள்ளும் ஒரே கைரேகை பதிந்திருக்கும். மாறினால் "இந்த ஈமேக்ஸுக்காக உருவானதில்லை" என்று சொல்லி நின்றுவிடும்.

---

பழைய_ஐபுக் · சனி, காலை 8:30

கந்தர்மடம் சொன்னதோடு கொஞ்சம் பழைய கதையும் சேர்க்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்தின் வலியைப் பட்டவன் நான். என்னிடம் 2005-ஆம் வருட 12 அங்குல ஐபுக் ஜி4 இருக்கிறது. பவர்பிசி, 1.33 கிகாஹெர்ட்ஸ், ராம் 1.5 ஜிபி, அதற்கு மேல் அந்தப் பெட்டி ஏற்காது. டெபியன் தன் ஒன்பதாம் பதிப்பில், 2017-ல், 32 பிட் பவர்பிசியைக் கைவிட்டது. அன்றிலிருந்து அதிகாரபூர்வமல்லாத டெபியன் போர்ட்ஸ் புண்ணியத்தில் ஓடுகிறது.

.பிடிஎம்பி முறை வந்தது ஈமேக்ஸ் 27-ல், 2020-ல். அதற்கு முன்பு "அன்எக்ஸெக்". ஓடிக்கொண்டிருக்கும் டீமேக்ஸின் மெமரியையே எடுத்து, அப்படியே ஒரு புதிய எக்ஸிக்யூட்டபிள் கோப்பாக எழுதுவார்கள். கேட்கவே துணிச்சலான யோசனை. ஆனால் எக்ஸிக்யூட்டபிள் கோப்பின் உள்வடிவம் ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் மாறும். லினக்ஸின் எல்ஃப் வடிவத்துக்கு ஒரு சி கோப்பு, மேக்ஓஎஸ்ஸுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று, ஏஐஎக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியே பராமரித்தார்கள். கர்னல் பாதுகாப்புக்காக மெமரி முகவரிகளைக் கலைத்துப் போட ஆரம்பித்ததும் இது தடுமாறியது. 2016 வாக்கில் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி, ஈமேக்ஸ் நம்பியிருந்த மால்லாக் (மெமரி ஒதுக்கும்) வசதிகளை விலக்கப்போவதாகச் சொன்னது. அதன் பிறகு வேறு வழியே இல்லை. டேனியல் கொலாசியோன் எழுதிய புதிய டம்ப்பர் (.பிடிஎம்பி முறை) வந்த பிறகுதான் என் ஐபுக் போன்றவற்றில் கம்பைல் செய்வது நிம்மதியான காரியம் ஆனது. அதற்கு முன்பு கர்னலை ஒரு பதிப்பு ஏற்றினாலே கை நடுங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈமேக்ஸ் சியும் லிஸ்பும்தான், அதனால் எந்தப் பழைய சிப்பிலும் வரும். தடுக்கி விழுவது அதைச் சுற்றி இருக்கும் நூலகங்களில். எஸ்விஜி படங்களைக் காட்டும் லிப்ஆர்எஸ்விஜி 2017 முதல் ரஸ்ட் மொழிக்கு மாறிவிட்டது. ரஸ்ட் சரியாக வராத சிப்பில் அதுவும் வராது. ஐகான் படங்களுக்காக எடிட்டரையே இழக்க வேண்டியதில்லை, கான்ஃபிகரில் ஆர்எஸ்விஜி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

32 பிட் ஆட்களுக்கு ஒன்று. கான்ஃபிகரில் வைட்-இன்ட் (லிஸ்ப் எண்களை 64 பிட்டாக்கும்) தேர்வைத் தொடாதீர்கள். இயல்பாக 32 பிட்டில் ஒரு பஃபருக்கு (திறந்திருக்கும் ஒரு கோப்புக்கு) உச்சவரம்பு 536870911 பைட், அதாவது சுமார் 512 எம்பி. வைட்-இன்ட் கொடுத்தால் அந்த வரம்பு உயரும், ஆனால் லிஸ்ப் மதிப்பு ஒவ்வொன்றும் இரு மடங்கு இடம் பிடிக்கும். 512 எம்பி ராமே உள்ள பெட்டியில் 512 எம்பி கோப்பை யார் திறக்கப் போகிறார்கள்?

---

ஐந்தாம்ரிஸ்க் · சனி, காலை 11:10

என் பங்குக்கு. விஷன்ஃபைவ் 2 போர்டு வைத்திருக்கிறேன்: ஜேஎச்7110 சிப், நாலு ரிஸ்க்-ஃபைவ் கோர், 1.5 கிகாஹெர்ட்ஸ். ஈமேக்ஸ் 30.1 ஒரு முனகலும் இல்லாமல் கம்பைல் ஆனது. ஆனால் கூடவே ஒரு பழைய நூலகத்தைக் கம்பைல் பண்ணப் போய் "பில்ட் வகையை யூகிக்க முடியவில்லை" என்று கான்ஃபிகர் நின்றுவிட்டது. அந்த டார்பாலுக்குள் இருக்கும், சிப்பின் வகையைக் கண்டுபிடிக்கும் கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் பிறப்பதற்கு முன்பு எழுதியவை. டெபியனில் ஆட்டோடூல்ஸ்-டெவ் பேக்கேஜைப் போட்டால் அந்த இரண்டின் புதிய பிரதியும் யூஎஸ்ஆர், ஷேர், மிஸ்க் அடைவில் இருக்கும். பழையதன் மேல் காப்பி பண்ணினால் போதும். புதுச் சிப் வாங்குகிற எவருக்கும் ஒரு நாள் இது தேவைப்படும்.

நொய்யல்கரைக்கு: நேட்டிவ் அணைத்தபின் டார்பாலில் ஈஎல்சி வேலை அனேகமாக இருக்கவே கூடாது. என் போர்டில் நாலைந்து வரி வந்து போனது.

---

நொய்யல்கரை · சனி, மாலை 5:45

அதுதான் புரியவில்லை. நேட்டிவை அணைத்துவிட்டேன், ஜி3 எடுத்துவிட்டேன், ஆர்எஸ்விஜியும் இல்லை. இப்போது ஈஎல்என் வரவில்லை. ஆனாலும் "ஈஎல்சி" வரிகள் நூற்றுக்கணக்கில் வந்துகொண்டிருக்கின்றன. அதிலும் ஒரு முறை தெரியவில்லை. சிம்பிள்.ஈஎல்லைக் கம்பைல் பண்ணுகிறது, ஃபைல்ஸ்.ஈஎல்லைத் தொடவில்லை. ஆர்க் அடைவில் பாதிக் கோப்புகள் ஆகின்றன, மீதி ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஈமேக்ஸ் புதிதாகத் திறந்து மூடுகிறது போல, அதற்கே நேரம் போகிறது. ஒரு பக்கம் கார்டு கெட்டுவிட்டதோ என்றும் பயமாக இருக்கிறது.

---

மேக்ஃபைல் · சனி, மாலை 6:00

கார்டு மேல் சந்தேகம் வேண்டாம், இன்னும் இல்லை. பாதி ஆகிறது பாதி ஆகவில்லை என்றால் அது மேக் எடுக்கும் முடிவு. மேக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நேரமுத்திரை. .ஈஎல் சோர்ஸ் கோப்பு, கம்பைல் ஆன .ஈஎல்சியைவிடப் புதியதாக இருந்தால் திரும்பக் கம்பைல் பண்ணும். சமமாகவோ பழையதாகவோ இருந்தால் விட்டுவிடும்.

இன்னும் மேக் ஓட்டாத பிரதி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதில் சிம்பிள், ஃபைல்ஸ், பைட்காம்ப் மூன்றின் .ஈஎல், .ஈஎல்சி நேரங்களை விநாடி வரை எடுத்துப் போடுங்கள். எல்எஸ்ஸுக்கு ஃபுல்-டைம் கொடுத்தால் வரும்.

---

நொய்யல்கரை · சனி, மாலை 6:20

இருக்கிறது, பென்டிரைவிலிருந்து எடுத்த பிரதி:

சிம்பிள்.ஈஎல் 21:14:08
சிம்பிள்.ஈஎல்சி 21:14:06
ஃபைல்ஸ்.ஈஎல் 21:13:52
ஃபைல்ஸ்.ஈஎல்சி 21:13:52
பைட்காம்ப்.ஈஎல் 21:15:30
பைட்காம்ப்.ஈஎல்சி 21:15:34

---

மேக்ஃபைல் · சனி, மாலை 6:35

கிடைத்துவிட்டது.

விநாடிகளைப் பாருங்கள், எல்லாமே இரட்டைப்படை. அந்தப் பென்டிரைவ் ஃபேட்32. ஃபேட் கோப்பு மாற்றிய நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும், இடையில் இருப்பதை அதனால் எழுத முடியாது. அது துப்பு மட்டும்தான், குற்றவாளி அது அல்ல. ரிலீஸ் டார்பாலை அவிழ்த்தால் கோப்புகளின் நேரம் 30.1 வெளியான 2025 பிப்ரவரியையோ அதற்கு முன்பையோ காட்ட வேண்டும். உங்களுடையது நீங்கள் காப்பி பண்ணிய ராத்திரியைக் காட்டுகிறது. டார்பாலை லேப்டாப்பில் அவிழ்த்து, அடைவை அப்படியே "சிபி ஆர்" போட்டுப் பென்டிரைவுக்கு மாற்றினீர்கள், சரிதானா? வெறும் ஆர் கொடுத்தால் பழைய நேரத்தைக் காப்பாற்றாது. காப்பி ஆன நொடியே புது நேரமாகிவிடும்.

இப்போது உங்கள் பட்டியலைப் படியுங்கள். சிம்பிளில் .ஈஎல்சி முதலில் காப்பி ஆகி, .ஈஎல் இரண்டு விநாடி கழித்து வந்தது. மேக்குக்கு சோர்ஸ் புதிதாகத் தெரிந்தது, கம்பைல் பண்ணியது. ஃபைல்ஸில் இரண்டும் ஒரே நேரம், விட்டுவிட்டது. பைட்காம்பில் .ஈஎல்சி பின்னால் வந்தது, அதையும் விட்டது. எந்தக் கோப்பு முன்னால் போகும் என்பது அடைவை வாசிக்கும் வரிசையைப் பொறுத்தது, அதற்கு அகரவரிசை கிடையாது. அதனால்தான் உங்களுக்கு முறையே தெரியவில்லை.

செய்ய வேண்டியது: .டார்.எக்ஸ்இசட் கோப்பை அவிழ்க்காமல் பைக்குக் கொண்டுபோய் அங்கேயே அவிழ்ப்பது. டார் நேரங்களைக் காப்பாற்றும். அதற்கு முன் டேட் கட்டளையில் பையின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். பை ஜீரோவில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. வைஃபையும் அணைத்திருப்பதால், கடைசியாக அணைத்தபோது இருந்த நேரத்திலிருந்துதான் மறுபடி ஓடத் தொடங்கும். கடிகாரம் பின்தங்கியிருந்தால் "க்ளாக் ஸ்கியூ" என்று மேக் எச்சரிக்கும், அதை அலட்சியம் பண்ணக் கூடாது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பதை வீணாக்க மனமில்லை என்றால், மேக்கை நிறுத்தி, லிஸ்ப் அடைவுக்குள் இருக்கும் .ஈஎல்சி எல்லாவற்றையும் ஒருமுறை டச் பண்ணி (நேரமுத்திரையைப் புதிதாக்கி) விட்டு மறுபடி மேக் கொடுக்கலாம். நிறுத்திய கணத்தில் பாதியில் இருந்த கோப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். .ஈஎல் எதையும் நீங்கள் திருத்தவில்லை என்பதால் இது பாதுகாப்பானது. ஆனாலும் நான் புதிதாக அவிழ்க்கத்தான் சொல்வேன்.

---

தட்டச்சன் · சனி, மாலை 6:50

இரட்டைப்படை விநாடியை வைத்துப் பிடித்தது அருமை. இனிமேல் எதைக் காப்பி பண்ணினாலும் நேரத்தைக் காப்பாற்றும் "சிபி ஏ" தான்.

---

நொய்யல்கரை · ஞாயிறு, காலை 7:20

அண்ணா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னது அப்படியே சரி, சிபி ஆர்தான் போட்டேன். சுமார் 50 எம்பி டார்பாலைப் பைக்கே கொண்டுபோய் அவிழ்த்தேன். ராத்திரி மேக் போட்டுவிட்டுப் படுத்தேன், எழுந்து பார்த்தால் முடிந்திருக்கிறது! ஈஎல்சி வரிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

ஆனால் இப்போது வேறு ஒன்று. ஆங்கிலம் சரியாக வருகிறது. தமிழில் "கொடி" என்று அடித்தால் க முதலில் வந்து, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கின்றன. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். இதே எழுத்துரு லேப்டாப்பில் நன்றாகத்தான் இருக்கிறது.

---

கந்தர்மடம் · ஞாயிறு, காலை 8:05

எழுத்துருவில் பிழை இல்லை. யூனிகோடில் "கொ" என்பது க, பிறகு ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னுக்குக் கொண்டுவந்து காலைப் பின்னுக்கு வைக்கிற வேலையை ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அடுக்கும் நூலகம் செய்ய வேணும். உங்கள் கம்பைலில் அது இல்லை போலக் கிடக்கு. கான்ஃபிகர் முடியும்போது வருகிற சுருக்கத்தில் "ஹார்ஃப்பஸ் பயன்படுத்துகிறதா" என்ற வரிக்கு "நோ" என்று இருக்கும், பாருங்கோ. ஹார்ஃப்பஸ் டெவ் பேக்கேஜையும் (திரையில் வரையும்) கைரோ டெவ் பேக்கேஜையும் போட்டுவிட்டு மறுபடி கான்ஃபிகர் செய்யுங்கோ. எக்ஸ் சாளர முறைமை வேணும், ஜிடிகே டூல்கிட் வேண்டாம். டூல்கிட் "லூசிட்" என்று கொடுத்தால் இலேசாக இருக்கும். டெர்மினல் மட்டும் என்று செய்தால் தமிழ் ஒருநாளும் சரி வராது, லினக்ஸ் கன்சோலுக்கு இந்தச் சேர்க்கை தெரியாது.

பயப்பட வேண்டாம், இந்த முறை சி பாகம் மட்டும்தான் திரும்பக் கம்பைல் ஆகும். .ஈஎல்சி கோப்புகளுக்கு இதில் சம்பந்தமில்லை.

---

நொய்யல்கரை · ஞாயிறு, மாலை 4:30

வந்துவிட்டது. "கொடி" கொடியாகவே வருகிறது. "கௌ", "ஸ்ரீ", "க்ஷை" எல்லாம் அடித்துப் பார்த்தேன். கர்சரை "கொ" மேல் வைத்து கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அழுத்தினால், இரண்டு குறியீடுகள் சேர்ந்த எழுத்து என்றும், எழுத்துருவுக்கு முன்னால் "எஃப்டிசிஆர்எச்பி" என்றும் காட்டுகிறது. அந்தக் கடைசி எச்பிதானே ஹார்ஃப்பஸ்?

வேண்டுபவர்களுக்காக, நான் கான்ஃபிகருக்குக் கொடுத்தது: சிஃப்ளாக்ஸ் ஓ2 மட்டும், டூல்கிட் லூசிட், கைரோ, ஹார்ஃப்பஸ், நேட்டிவ் கம்பைலேஷனும் ஆர்எஸ்விஜியும் இல்லை. மேக் ஜே1. கார்டு தேயாமல் இருக்க ஸ்வாப்புக்குப் பதில் இசட்ராம் (ராமுக்குள்ளேயே சுருக்கி வைப்பது).

---

கந்தர்மடம் · ஞாயிறு, மாலை 4:45

ஓம், அதேதான். தமிழ் உள்ளீட்டுக்கு தமிழ்99 ஈமேக்ஸோடேயே வருகிறது, தனியாக ஒன்றும் நிறுவத் தேவையில்லை. கன்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் அழுத்திப் பெயரைக் கொடுங்கோ.

---

பழைய_ஐபுக் · ஞாயிறு, மாலை 5:10

என் ஐபுக்கில் 30.1 இன்னும் ஏற்றவில்லை. இன்று ராத்திரி போடுகிறேன். டார்பாலை அங்கேயே அவிழ்த்து.